சுவருக்குப் படம் கொடுத்தீர்கள், குரலும் கொடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மேயர், துணை மேயர், ஆணையர் அவர்களுக்கும், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

1930 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த மாநகராட்சி சொந்தமாக வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. ரிப்பன் மாளிகையில் இன்று வேலை செய்பவர்களில் பலருக்கே இது புதிய செய்தியாக இருக்கலாம். 1924இல் தொடங்கிய மதராஸ் மாகாண வானொலிக் கழகம், பணம் இல்லாமல் 1927இல் மூடப்பட்டது. அவர்களிடம் இருந்த கருவியைப் பெற்றுக்கொண்டு, மாநகராட்சி மாலை நேரங்களில் பாட்டும் கதையும் பேச்சும் ஒலிபரப்பியது. வீட்டில் வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளும் வசதி அன்று மிகச் சிலருக்கே இருந்தது. அதனால் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காற்று வாங்க வந்தவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் நிகழ்ச்சிகள் இருந்தன. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்த பிறகு மாநகராட்சி இந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டது.

குப்பை அள்ளுவது, விளக்குப் போடுவது, குடிநீர் தருவது போலவே ஊர் மக்கள் சேர்ந்து உட்கார்ந்து கேட்க ஏதாவது தருவதும் தன் வேலைதான் என்று ஒரு நகர நிர்வாகம் நினைத்திருக்கிறது. அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது இதுதான். மாநகராட்சி இனி வரைய அனுமதிக்கும் சமூகச் சுவரோவியம் ஒவ்வொன்றோடும் ஒரு சிறு ஒலி நாடகம் சேர்ந்தே பிறக்க வேண்டும். அதை அந்தத் தெருவின் மக்களே சொல்லி, நடித்துப் பதிவுசெய்ய வேண்டும். சுவர் முன்னால் நிற்பவர் படத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்க வழி இருக்க வேண்டும்.

சுவர்களில் நீங்கள் நிறையச் செய்திருக்கிறீர்கள். 2009 வாக்கில் அண்ணா சாலைச் சுவர்களில் ஒட்டியிருந்த போஸ்டர்களைக் கிழித்துவிட்டுத் தமிழர் வாழ்வையும் கலைகளையும் வரைந்தபோது, ஊர் முழுக்க அதைப் பற்றியே பேச்சு. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் மேம்பாலத் தூண்கள்கூட வண்ணம் பெற்றன. 2020 தொடக்கத்தில் கண்ணகி நகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பெரிய பெரிய வெற்றுச் சுவர்கள் ஓவியங்களாக மாறின. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து செய்த வேலை அது. நகரத்தின் எந்தப் பணக்காரப் பகுதியிலும் அந்த அளவில் ஓவியம் இல்லை என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் நம் ஊரில் வரையப்படும் சுவர்களில் பெரும்பகுதிக்கு வேறொரு வேலை கொடுத்திருக்கிறோம். அது காவல் வேலை. இங்கே போஸ்டர் ஒட்டாதே, எச்சில் துப்பாதே, சிறுநீர் கழிக்காதே என்று எழுதிப் பார்த்துப் பலனில்லாமல், பிள்ளையாரையும் சிலுவையையும் பிறையையும் வரிசையாக வரைந்து வைக்கும் வழக்கம் எல்லாத் தெருவிலும் உண்டு. அரசு வரையும் படங்களும் பல சமயம் இதே நோக்கத்தோடுதான் வருகின்றன. பரதநாட்டியப் பெண், ஜல்லிக்கட்டுக் காளை, கோபுரம், மயில் எல்லாம் அழகுதான். என்றாலும் அந்தப் படத்துக்கும் அந்தத் தெருவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே மயிலை அம்பத்தூரிலும் வரையலாம், அடையாறிலும் வரையலாம். தினமும் அந்த வழியாகப் போகிறவர் நாலு நாளில் அதைப் பார்ப்பதையே நிறுத்திவிடுகிறார். ஒரு வருடத்தில் உப்புக்காற்றும் வெயிலும் தூசியும் சேர்ந்து வண்ணம் வெளுக்க, அதன் மேலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டப்படுகிறது. சுவர்களைக் காப்பாற்ற 1959ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டத்தால் மட்டும் ஒரு சுவரைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இத்தனை வருட அனுபவம் சாட்சி. தங்கள் கதை இருக்கும் சுவரைத்தான் ஒரு தெரு காப்பாற்றும்.

நல்ல ஓவியத்துக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் சுவரைப் பாருங்கள். 2021இல் ஏ-கில் என்ற ஓவியர் வரைந்த மிகப் பெரிய முகங்கள் அதில் இருக்கின்றன. அவற்றில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களின் முகங்களும் உண்டு, மற்றவர்களின் முகங்களும் உண்டு. யார் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதுதான் ஓவியம் சொல்லவந்த விஷயம். எவ்வளவு அருமையான யோசனை! ஆனால் இதை யாராவது சொன்னால்தானே தெரியும்? அந்தச் சாலையில் வண்டியில் போகிறவருக்கு அது நிறைய முகங்கள் உள்ள ஒரு பெரிய படம், அவ்வளவுதான். அந்த முகங்களில் ஒன்று வாய் திறந்து, தன் வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் மாத்திரை சாப்பிடும் நேரத்தைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் கையில் இருக்கிறது. அது ரயில்வேயின் சுவர், உங்களுடையது இல்லை என்பது தெரியும். உதாரணத்துக்குச் சொன்னேன்.

படத்தையும் குரலையும் சேர்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பரிபாடலின் 19ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபம் ஒன்று வருகிறது. மலைக்கு வந்த மக்கள் சுவரில் இருப்பதைக் காட்டி ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் நிற்கிறார்கள். இவள் ரதி, இவன் காமன், இது பூனையாக வந்த இந்திரன், இவள் அகலிகை, இவள் கல்லானது இப்படி என்று. படத்துக்கு முன்னால் பேச்சு நடந்தது. பார்த்தவர்கள் கூடி நின்றார்கள். திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதை ஓவியங்களுக்குக் கீழே தமிழில் எழுதியே வைத்திருக்கிறார்கள். படம் தனியாக நின்று எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லை. கதை சொல்லும் ஆள் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருந்தார்.

கேட்டே ரசிக்கும் பழக்கமும் நமக்குக் கொஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்துக்காக வானொலியைச் சுற்றி உட்கார்ந்த வீடுகள் எத்தனை! கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பட வசனம் ஓடும்போது படத்தைப் பார்க்காத பிள்ளைகூட அடுத்த வரியைச் சொல்லும். முகம் தெரியாத குரலை வைத்தே ஆளைக் கற்பனை செய்துகொள்ளும் திறமை இந்த மக்களிடம் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

கண்ணகி நகரை எடுத்துக்கொள்கிறேன். இந்த யோசனை முதலில் நடக்க வேண்டிய இடம் அதுதான் என்று நம்புகிறேன்.

2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்தும் நகரத்தின் வேறு பல இடங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோய் அங்கே குடிவைத்தார்கள். கடற்கரையிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. பல ஆயிரம் வீடுகள். வேலை செய்த வீடுகள், கடைகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. போன புதிதில் பேருந்துக்கும் தண்ணீருக்கும் பட்ட பாடு, வேலையை விட்ட பெண்கள், படிப்பை விட்ட பிள்ளைகள் என்று அந்த இடமாற்றம் ஒரு பெரிய வரலாறு. அதை எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. அனுபவித்தவர்கள் தங்கள் குரலில் சொன்னது பொதுவெளியில் எங்கே இருக்கிறது? ஓவியங்கள் வந்த பிறகு கேமராவோடு நிறையப் பேர் போகிறார்கள். படத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், கிளம்புகிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் வாழ்பவரோடு ஒரு வார்த்தை பேசும் வாய்ப்பு அவர்களுக்கு அமைவதில்லை. முகவரியில் கண்ணகி நகர் என்று இருந்தாலே வேலை கொடுக்கத் தயங்கும் முதலாளிகள் இருக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் வெகு காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்தத் தயக்கத்தை வண்ணம் கொஞ்சம் உடைத்தது. மீதியைக் குரல்தான் உடைக்கும்.

அங்கே கேட்க வேண்டிய நாடகங்கள் என் மனதில் வந்துகொண்டே இருக்கின்றன. மூட்டை முடிச்சோடு லாரியில் வந்து இறங்கிய முதல் ராத்திரி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தன் பிளாக் எது என்று தெரியாமல் அலையும் ஒரு பாட்டி. பழைய இடத்து அக்கம்பக்கம் எந்த மாடியில் இருக்கிறது என்று தேடி, கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சிறுமி. மாடியிலிருந்து ஒவ்வொரு பெயருக்கும் வேறு வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். கபடிக் களத்து மாலை ஒன்று வேண்டும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார் என்பது ஊரே கொண்டாடிய செய்தி. அந்த மைதானத்தின் மூச்சுப் பிடிக்கும் சத்தத்தை, "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் ஓடும் குரலை, அருகிலேயே ஒரு சுவரில் நின்று கேட்கும் எட்டு வயதுக் குழந்தை என்ன நினைக்கும்! இவற்றை எழுதப் பெரிய எழுத்தாளர் வேண்டாம். அந்த மக்கள் தினமும் வாசற்படியில் உட்கார்ந்து பேசிக்கொள்வதே முக்கால்வாசி வசனம்.

வண்ணம் அடித்தால் குடிநீர் வந்துவிடுமா, நாடகம் போட்டால் பேருந்து வந்துவிடுமா என்று அங்கே யாராவது கேட்டால், அது நியாயமான கேள்வி. வராது. குடிநீரும் பேருந்தும் தனியாக வரவேண்டியவை. அவற்றுக்குப் பதிலாக இதைக் கொடுக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் ஒன்று உண்டு. தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட கதை அதே தெருச் சுவரில் அவர்கள் குரலிலேயே கேட்கும்போது, ஆய்வுக்கு வரும் அதிகாரி அதைக் கேட்காமல் போக முடியாது.

அடுத்து, பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பகுதி 1877-78இல் வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினியோடு நகரத்துக்கு வந்த மக்களுக்கு நிவாரண வேலையாக அதைக் கொடுத்தார்கள். இன்று அதன் மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. பாலத்தைக் கடக்கும் நாம் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அரிசியும் விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் போன தண்ணீர் அது என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. கரையோரச் சுவர் ஒன்றில் மண்வெட்டியோடு குனிந்த மனிதர்களை வரையுங்கள். கூடவே ஒரு நாடகம். வெட்டும் சத்தம், இரண்டு பேர் பேச்சு. ஒருவர் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து நடந்தே வந்தவர். கூலி தானியம் எப்போது அளப்பார்கள் என்பதுதான் அவர்களுடைய பேச்சு முழுக்க. அதற்கு மேல் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இந்த நகரத்தில் இதற்கான கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1856 ஜூலை 1இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரம், 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர், 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டு விழுந்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த துறைமுகம். ஆனாலும் வரலாற்றுப் பாடப் புத்தகத்தைச் சுவரில் ஒட்டிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூக்கட்டும் பெண்ணின் ஒரு நாள், மீன் ஏலம், மழைவெள்ளத்தில் மொட்டைமாடியில் கழிந்த இரவு, கேரம் போர்டு, கானா பாட்டு, இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு குழாய். இவையும் அந்தப் பெரிய சம்பவங்களோடு சமமாக நிற்க வேண்டும்.

வானொலி நாடகம் எழுதிப் பழகியதால் தொழில் சார்ந்து சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். இவற்றில் கவனம் இல்லையென்றால் மொத்தமும் ஒரு அறிவிப்பாக முடிந்துவிடும்.

தெருவில் நிற்பவர் கேட்கும் நாடகம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு குரல், அதிகம் போனால் மூன்று. நான்காவது குரல் வந்ததும் யார் பேசுகிறார்கள் என்று கேட்பவர் குழம்பிவிடுவார். முதல் வரியே சத்தத்தோடு தொடங்க வேண்டும். குடம் உருளும் சத்தம், ஷட்டர் தூக்கும் சத்தம், சைக்கிள் மணி. வணக்கம் நேயர்களே என்று ஆரம்பித்தால் ஆள் நகர்ந்துவிடுவார். பேச்சு அந்தத் தெருவின் பேச்சாகவே இருக்கட்டும். வடசென்னைப் பாட்டி செய்தி வாசிப்பவர் போலப் பேசினால் அந்தத் தெருவே சிரிக்கும். பழைய வானொலி நிலையங்களில் தேங்காய்த் தொட்டியைத் தட்டிக் குதிரையை ஓடவிட்டார்கள், தகரத்தை ஆட்டி இடியை வரவழைத்தார்கள். அந்த வித்தையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அப்புறம் அவர்களைப் பிடிக்க முடியாது.

இன்னும் முக்கியமானது, படமும் நாடகமும் ஒரே நேரத்தில் பிறக்க வேண்டும் என்பது. வரைந்து முடித்த சுவருக்குப் பின்னால் போய் விளக்கம் பதிவுசெய்வது அருங்காட்சியகத்து வேலை. கதை கேட்கும் கூட்டத்தில் ஓவியரும் உட்கார வேண்டும். நாடகத்தில் ஒரு சன்னல் வந்தால் சுவரில் அந்தச் சன்னல் இருக்க வேண்டும். "மேல பாரு, சிவப்புத் துணி காயுது பாரு, அதுதான் எங்க வீடு" என்று குரல் சொல்லும்போது கண் தானாக அங்கே போக வேண்டும். தெருக்கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து நம்மோடும் பேசுவான். அப்படி ஒரு குரல் ஒவ்வொரு சுவருக்கும் இருந்தால் போதும், பார்ப்பவரின் கண்ணை அதுவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்.

சரி, எப்படிக் கேட்பது? கட்டம் கட்டமான கியூஆர் குறியீடு எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. 2013இல் கோபன்ஹேகனில் தொடங்கி மறு ஆண்டு லண்டனுக்குப் போன பேசும் சிலைகள் திட்டம் அப்படித்தான் நடந்தது. சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் குறியீட்டை வருடினால், சற்று நேரத்தில் அந்தச் சிலையே கைபேசியில் கூப்பிட்டுப் பேசும். நல்ல நடிகர்களின் குரல். எனக்குப் பிடித்த யோசனைதான். ஆனால் நம் ஊரில் அது மட்டும் போதாது. ஸ்மார்ட்போன் இல்லாதவர் இருக்கிறார், இருந்தும் டேட்டா இல்லாதவர் இருக்கிறார், குறியீட்டைத் தொட்டால் பணம் போய்விடும் என்று பயப்படுபவர் நிறைய இருக்கிறார். அந்தப் பயமும் காரணம் இல்லாதது அல்ல. அதனால் சாதாரணத் தொலைபேசி எண்ணே முதல் வழியாக இருக்கட்டும். உங்கள் புகார் எண் 1913ஐ ஊரே மனப்பாடமாக வைத்திருக்கிறதே, அதைப் போல எளிதான ஓர் எண். அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைப்பு வர வேண்டும். சுவரில் பெரிதாக எழுதிய சுவர் எண்ணை அழுத்தினால் நாடகம் ஓட வேண்டும். சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வரா, சாதாரணக் கைபேசியில் மக்கள் தங்கள் செய்தியைத் தாங்களே பதிவுசெய்யவும் மற்றவர் பதிவைக் கேட்கவும் வழி செய்தது. காட்டுக் கிராமங்களில் முடிந்தது சென்னையில் முடியாதா? கேட்டு முடித்தவர், தன் நினைவில் இருப்பதையும் அதே எண்ணில் பதிவுசெய்துவிட்டுப் போகலாம். அடுத்த நாடகத்துக்குக் கதை அங்கேயே சேர்ந்துவிடும்.

ஒலிபெருக்கி என்றதும் சத்தத்தைப் பற்றிய கவலை வரும். எனக்கும் உண்டு. ஏற்கெனவே காது கிழியும் ஊர் இது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இவற்றை மீறாமலேயே இதைச் செய்யலாம். நாள் முழுக்கச் சுவர் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். மற்ற நேரமெல்லாம் கைபேசியில், அவரவர் காதில். வாரத்தில் ஒரு மாலை மட்டும், சுவருக்கு எதிரே போட்ட பெஞ்சுகளில் சிறிய ஸ்பீக்கர்கள் வைத்து, தெரு மக்கள் சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் கேட்கும் அளவு போதும். அந்த மாலைக்காகவாவது சுவர் முன்னால் வண்டி நிறுத்தாமல், குப்பைத் தொட்டி வைக்காமல் இடம் விடுங்கள். பொங்கலையொட்டிச் சங்கமம் கலைவிழா நடக்கும்போது பூங்காக்கள் எவ்வளவு உயிரோடு இருக்கின்றன என்று நாம் பார்க்கிறோம். வருடம் முழுவதற்கும் அதில் ஒரு துளியாவது வேண்டும்.

பார்வை இல்லாதவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2022இல் மெரினாவில் சக்கர நாற்காலி கடலருகே போக மரப்பாதை அமைத்தீர்கள். கடலை முதல்முறை அத்தனை பக்கத்தில் பார்த்தவர்களின் மகிழ்ச்சியை ஊரே பார்த்தது. சுவரோவியம் பார்வை இல்லாதவருக்கு வெறும் சுவர். நாடகத்தோடு, படத்தில் எங்கே என்ன நிறம், யார் நிற்கிறார்கள் என்று சொல்லும் ஒரு நிமிடப் பதிவையும் சேருங்கள். அதை எழுதும் பொறுப்பைப் பார்வை இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொண்டே செய்ய வேண்டும். என்ன சொன்னால் புரியும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆட்களுக்கும் குறைவில்லை. 1850இல் தொடங்கிய கவின் கலைக் கல்லூரி நம் ஊரில் இருக்கிறது. ஃபிளெக்ஸ் வந்து வேலை பறிபோன பேனர் ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள். முப்பது அடி முகத்தைச் சாரத்தில் நின்று, அருகிலிருந்தே அளவு பிசகாமல் வரைந்த கைகள் அவை. இந்த வேலையில் முதல் அழைப்பு அவர்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாடகத்துக்குக் கூத்துப்பட்டறை வழி வந்த நடிகர்கள், சபா நாடகக்காரர்கள், வானொலியில் நடித்து ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள். பதிவுக்கு, 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டிய சமுதாய வானொலியும், அதன் பின் வந்த மற்ற கல்லூரி வானொலிகளும் இருக்கின்றன. சாரம் கட்டி, வண்ணம் வாங்கி, ஒரு மாடிச் சுவரை முடிக்கும் செலவோடு பார்த்தால் ஐந்து நிமிடப் பதிவுக்கு ஆகும் செலவு பெரிதாக இருக்காது.

பணத்தைவிட எனக்கு வேறு இரண்டு விஷயங்களில்தான் பயம்.

ஒன்று, இது அரசு விளம்பரமாக மாறிவிடுமோ என்பது. நாடகத்தின் கடைசியில் திட்டத்தின் பெயர், நடுவில் தலைவருக்கு நன்றி என்று வந்துவிட்டால் அன்றோடு இந்த முயற்சி முடிந்தது. யார் ஆட்சியில் இருந்தாலும் சொல்வேன், எந்தக் கட்சிக்காரர் படமும் பெயரும் இந்தச் சுவர்களில் வேண்டாம். எந்தக் கதை, யார் குரல், எந்தச் சுவர் என்பதைப் பகுதி சபைக் கூட்டத்தில் மக்கள் முடிவு செய்யட்டும். வார்டு குழுவும் பகுதி சபையும் காகிதத்தில் இருந்தால் போதாது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மக்கள் ஆசையோடு வந்து உட்கார இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? கசப்பான கதைகள் வரும். வீட்டை இடித்த அதிகாரியின் குரலும் நாடகத்தில் வரும். அதை வெட்டச் சொல்லும் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கக் கூடாது. ஒருவரை இழிவு செய்வது, சாதி மதம் சொல்லித் தூண்டுவது போன்றவற்றுக்கு ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. அது போதும்.

இரண்டாவது பயம், கதை கொடுத்தவர்களை மறந்துவிடுவது. தன் வாழ்க்கையைச் சொன்னவருக்கும் நடித்தவருக்கும் ஓவியருக்குப் போலவே சம்பளம் தர வேண்டும். நன்றி சொல்லி, சால்வை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. தன் பெயர் வேண்டாம் என்றால் மாற்ற வேண்டும். பின்னால் மனம் மாறி, என் குரலை எடுத்துவிடுங்கள் என்றால் மறு கேள்வி இல்லாமல் எடுக்க வேண்டும். பதிவு மாநகராட்சியின் சொத்தாக மட்டும் இருக்காமல் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். தாத்தாவின் குரல் பேரனிடம் இருக்க வேண்டாமா?

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984இல் சுவரில் கிறுக்குவதைத் தடுக்க நகர நிர்வாகம் ஒரு முயற்சி எடுத்தது. ஜேன் கோல்டன் என்ற ஓவியரை வைத்து, கிறுக்கிய இளைஞர்களையே சுவரோவியர்களாக மாற்றினார்கள். இன்று அந்த ஊர் சுவரோவியங்களுக்குப் பேர்போன ஊர். அவர்கள் வெற்றிக்கு முக்கியக் காரணம், படம் வரைவதற்கு முன்னால் அந்தப் பகுதி மக்களோடு உட்கார்ந்து பேசுவதை வேலையின் பாதியாக வைத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். நம்மிடம் அந்தப் பாதிதான் இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை.

இதை உடனே 200 வார்டுகளிலும் செய்யச் சொல்லவில்லை. அவசரமாகச் செய்தால் மறுபடி மயில்தான் வரும். கண்ணகி நகரில் ஒரு தெரு, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் ஒரு சுவர், வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளி ஒன்றின் வெளிச்சுவர். இந்த மூன்றில் தொடங்குங்கள். வரும் பட்ஜெட் கூட்டத்தில் இதற்கென ஒரு சிறு தலைப்பு ஒதுக்குங்கள். வண்ணத்துக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் கதை கேட்பதற்கும் பதிவுக்கும் பராமரிப்புக்கும் தனித்தனியாகப் பணம் காட்டச் சொல்லுங்கள். பராமரிப்பு என்று நான் சொல்வது வண்ணத்தை மட்டும் அல்ல, அந்தத் தொலைபேசி எண் மூன்று வருடம் கழித்தும் எடுக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியின் சுவரை எடுத்தால் அந்தப் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, முதலில் அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடமே அனுப்புங்கள். நாடகம் எழுதச் சொல்லிக்கொடுக்க என்னைப் போல நிறையப் பேர் வரத் தயாராக இருக்கிறோம். கூப்பிட்டால் அடுத்த சனிக்கிழமையே வருகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
வானொலி நாடகம் எழுதும் ஒரு சென்னைவாசி